புதுப்பித்தலும் காவலும்

சர்வர் என்ற சொல்லை இன்று அறியாத மாணவர் இலர். தேர்வு முடிவு வெளியாகும் நாளில், "சர்வர் வேலை செய்யவில்லையே" என்று வருந்தாதவரும் இலர். ஆனால் அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது, அதை ஆள்பவர் யார், அதற்குக் காவல் என்ன என்று கேட்பவர் மிகச் சிலரே. அக்கேள்விகளுள் ஒன்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். தாமே ஒரு சர்வரை நிறுவித் தாமே நடத்துகிறவர், அதன் நிர்வாகத்துக்கென வைத்திருக்கும் மென்பொருளை எவ்வாறு புதுப்பிப்பது, எவ்வாறு காப்பது என்பதே என் பொருள்.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். சர்வர் என்பது மாயப் பொருள் அன்று. கேட்பவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்காக இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணிப்பொறி, அவ்வளவே. அதைப் பெரிய நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் விட்டுவிட்டு வாடகை கொடுப்போரும் உண்டு. தம் இடத்திலேயே வைத்துத் தாமே பராமரிப்போரும் உண்டு. வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரரை அழைக்கலாம். சொந்த வீட்டில் ஒழுகினால் நாமே ஏணியைத் தேட வேண்டும். சொந்தச் சர்வரும் அப்படியே. உரிமை நம்முடையது, ஆகவே உழைப்பும் நம்முடையது.

சர்வரை நிர்வகிப்பதற்குக் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்வது பழைய முறை. அதை எளிதாக்க எழுந்தவையே நிர்வாக மென்பொருள்கள். அவற்றுள் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒன்று வெப்மின். ஜேமி கேமரன் என்பவர் பெர்ல் என்னும் நிரல் மொழியில் எழுதி, 1997ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதை நிறுவிவிட்டால், வேறோர் ஊரில் அமர்ந்துகொண்டும், சாதாரண பிரௌசரின் வழியாகவே சர்வரை ஆளலாம். புதிய பயனர்களைச் சேர்க்கலாம், ஒரு சேவையை நிறுத்தலாம், தொடங்கலாம், கடவுச்சொற்களை மாற்றலாம்.

இவ்வளவும் செய்ய வேண்டுமானால் அம்மென்பொருளுக்கு எவ்வளவு அதிகாரம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். லினக்ஸ் உலகில் 'ரூட்' என்று ஒரு பயனர் உண்டு. அவருக்கு அந்தக் கணிப்பொறியில் செய்ய இயலாதது எதுவுமில்லை. வெப்மின் அந்த ரூட்டின் அதிகாரத்தோடு இயங்குகிறது. கணிப்பொறிக்கு எண்ணிட்ட வாயில்கள் பல உண்டு. அவற்றைப் போர்ட் என்பர். அவற்றுள் 10000ஆம் எண்ணுள்ள வாயிலில் வெப்மின் காத்திருக்கிறது. வீட்டின் சாவிக்கொத்து முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பணியாள் தெருவாயிலில் நிற்பதற்கு இதை ஒப்பிடலாம். பணியாள் நல்லவராகவும் விழிப்புள்ளவராகவும் இருந்தால் நமக்கு வசதி. அவர் சற்றே ஏமாந்தால் வீடு முழுவதும் பறிபோகும்.

இத்தகைய மென்பொருளைக் காப்பது எப்படி என்றால், எல்லாரும் முதலில் சொல்லும் விடை ஒன்றுதான்: "உடனுக்குடன் புதுப்பியுங்கள்." இவ்விடை சரியானது. ஆனால் முழுமையானது அன்று. இவ்விரண்டையும் இரண்டு வரலாறுகளால் விளக்க விரும்புகிறேன்.

முதல் வரலாறு, புதுப்பிக்காததனால் வந்த கேடு. ஈக்விஃபாக்ஸ் என்பது அமெரிக்காவில் மக்களுடைய கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நிறுவனம். அதன் இணையதளம் ஒன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளின்மேல் கட்டப்பட்டிருந்தது. அம்மென்பொருளில் ஒரு பெரும் பிழை இருப்பதும், அதற்கான திருத்தமும், 2017 மார்ச் 7ஆம் நாள் உலகறிய வெளியாயின. திருத்தம் அந்தத் தளத்தில் இடப்படவில்லை. மே 13ஆம் நாள் திருடர் அவ்வழியே புகுந்தனர். ஜூலை 29 வரையில் அவர்கள் உள்ளே இருந்தது எவருக்கும் தெரியாது. போக்குவரத்தைச் சோதிக்கும் கருவியின் சான்றிதழ் நெடுநாட்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தமையால், அக்கருவி கண்ணிருந்தும் காணாததாய் இருந்தது. புதிய சான்றிதழை இட்டவுடனேயே குற்றம் புலப்பட்டது! அதற்குள் சுமார் 14.7 கோடி மக்களின் பெயர், பிறந்த நாள், அரசாங்க அடையாள எண் முதலியவை போய்விட்டன.

இங்கே நாம் நோக்க வேண்டியது ஒன்று. திருத்தம் வெளியாகும் நாளிலேயே பிழையும் வெளிப்படுகிறது. அறிவிப்பை வீட்டுக்காரர் படிக்கிறாரோ இல்லையோ, திருடர் தவறாமல் படிக்கின்றனர். ஆகவே திருத்தம் வந்த பிறகு காலம் தாழ்த்துவது, பூட்டு உடைந்த செய்தியைத் தெருவில் எழுதி ஒட்டிவிட்டு உறங்கச் செல்வதை ஒக்கும்.

இரண்டாம் வரலாறு இதற்கு நேர்மாறானது. 2018 ஏப்ரலில் வெப்மின் மென்பொருளைத் தொகுத்துப் பொதியாகக் கட்டும் கணிப்பொறிக்குள் யாரோ புகுந்தனர். காலாவதியான கடவுச்சொல்லை மாற்றுவதற்கென்று அதில் ஒரு சிறு நிரல் உண்டு. அதில் ஒரு வரியை மாற்றினர். அம்மாற்றத்தின் பயன் என்ன? வெளியிலிருந்து அனுப்பப்படும் ஒரு விவரத்தை வெறும் சொல்லாகக் கொள்ளாமல், கணிப்பொறிக்கு இட்ட கட்டளையாகவே எடுத்து நிறைவேற்றிவிடும். புழக்கடையில் ஒரு கள்ள வாயில் திறந்துவிட்டது. புகுந்தவர் கெட்டிக்காரர், கோப்பின் தேதியைப் பின்தள்ளி வைத்தார். அதனால் வேறுபாட்டைக் காட்ட வேண்டிய ஒப்பீட்டில் அது தென்படவில்லை. 1.890ஆம் பதிப்பு அந்தக் கள்ள வாயிலோடு வெளிவந்தது. உள்நுழையாமலே, கடவுச்சொல் அறியாமலே, எவரும் ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளையிடலாம் என்ற நிலை அதை நிறுவியோர்க்கு ஏற்பட்டது.

பின்னர் அக்கோப்பு நல்ல வடிவத்துக்கு மீட்கப்பட்டது. ஆனால் ஜூலையில் மீண்டும் அதை மாற்றினர். இம்முறை, காலாவதியான கடவுச்சொல்லை மாற்றும் வசதியைத் தாமாக இயக்கி வைத்திருந்தவர்க்கு மட்டுமே கேடு. செப்டம்பர் 10ஆம் நாள் அந்தப் பழைய கணிப்பொறியையே நீக்கிவிட்டு, சென்ட்ஓஎஸ் 7 நிறுவிய புதிய கணிப்பொறியை வைத்தனர். அதோடு தொல்லை ஒழிந்ததா? இல்லை. பழைய கணிப்பொறியின் காப்புப்படியிலிருந்து கோப்புகளைப் புதியதற்குக் கொண்டுவந்தபோது, கெட்ட கோப்பும் உடன் வந்தது. வீடு மாறினாலும் கரையான் பழைய பெட்டியோடு வந்து சேர்ந்த கதைதான்!

2019 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த டெஃப் கான் மாநாட்டில் ஓர் ஆராய்ச்சியாளர் இதை வெளிப்படுத்தினார். மென்பொருளை ஆக்குவோர்க்கு ஆகஸ்டு 17ஆம் நாள்தான் செய்தி எட்டியது. உடனே கள்ள வாயிலை அகற்றி 1.930ஆம் பதிப்பை வெளியிட்டனர். நடந்ததை மறைக்காமல், நாள்வாரியாக உலகுக்கு எழுதியும் வைத்தனர். நான் இங்கே கூறும் விவரங்களுக்குப் பெரிதும் அந்த நேர்மையே அடிப்படை.

இப்போது ஒரு விந்தையைப் பாருங்கள். உடனுக்குடன் புதுப்பித்தவர் 1.890ஐப் பெற்றுக் கேட்டுக்கு ஆளானார். சோம்பி முந்திய பதிப்பிலேயே நின்றவர் இந்தக் கேட்டிலிருந்து தப்பினார். அப்படியானால் சோம்பல்தான் சிறந்த காவலா என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நான் அவ்வாறு கொள்ளமாட்டேன். புதுப்பித்தலில் இவ்வாறு நஞ்சு கலப்பது அரிது. புதுப்பிக்காமையால் அழிவது அன்றாடம். அரிதான ஒன்றுக்கு அஞ்சி அன்றாட அபாயத்தை ஏற்பது அறிவாகாது. ஆயினும் இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. புதுப்பித்தல் என்பது காவலின் ஒரு பகுதியேயன்றி, காவல் முழுவதும் அன்று. இனி எஞ்சிய பகுதிகளைப் பார்ப்போம்.

முதலாவது, வாயிலைச் சுருக்குவது. 10000ஆம் வாயிலை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்க வேண்டிய தேவை எவருக்குமே இல்லை. நிர்வாகி இருக்கும் முகவரிகளுக்கு மட்டும் அதைத் திறந்து, மற்றவர்க்கு அடைத்துவிடும் வசதி வெப்மினிலேயே உண்டு. சர்வருக்கு முன் நிற்கும் ஃபயர்வாலிலும் அதைச் செய்யலாம். 1.890 நிறுவியவருள் இவ்வாறு அடைத்து வைத்திருந்தோர், கள்ள வாயிலைப் பற்றி ஏதுமறியாமலே வெளியாரிடமிருந்து தப்பினர். வலிமையான கடவுச்சொல் இங்கே பயன்பட்டிராது. ஏனெனில் புகுந்தவரிடம் கடவுச்சொல் கேட்கப்படவே இல்லை. கைப்பேசிக்கு வரும் இரண்டாம் எண்ணும் இங்கே உதவாது. அவை தலைவாயிலுக்கு நல்ல பூட்டுகள். அவசியம் பூட்ட வேண்டியவை. ஆனால் புழக்கடைக்கு மதில்தான் காவல்.

இரண்டாவது, வேண்டாதவற்றை நிறுத்துவது. 1.900 முதல் 1.920 வரையிலான பதிப்புகளில், ஒரு வசதியை இயக்கியவர்க்கு மட்டுமே ஆபத்து நேர்ந்தது என்று கூறினேன். இயக்காத நிரலில் இருக்கும் பிழை நம்மைத் தீண்டுவதில்லை. ஆகவே இன்றியமையாதவற்றை மட்டும் இயக்குவதே பாதுகாப்பு.

மூன்றாவது, எங்கிருந்து பெறுகிறோம் என்பதை அறிவது. மென்பொருளை ஆக்கியோரின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே பொதியைப் பெற வேண்டும். அதிலுள்ள மின்கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் கையொப்பம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பொதியைக் கட்டியவர் இன்னார் என்று அது சொல்லும். கட்டிய இடத்திலேயே நஞ்சு கலந்திருந்தால் அதை அது சொல்லாது. வெப்மினின் மூல நிரல் கிட்ஹப் தளத்தில் எல்லாரும் காணும்படி இருந்தது. அது தூயதாகவே இருந்தது. பொதியில்தான் மாசு. இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். ஒரே மூலத்திலிருந்து எவர் கட்டினாலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பொதி வர வேண்டும் என்று டெபியன் போன்ற திட்டங்களைச் சேர்ந்தோர் பல்லாண்டுகளாக உழைத்து வருவது இதற்காகவே. கட்டியவரை நம்புவதோடு நில்லாமல், கட்டியதைச் சோதிக்கவும் வழி வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

நான்காவது, புதுப்பிக்கும் முறை. புதுப்பிக்குமுன் காப்புப்படி எடுக்க வேண்டும். அதை வேறொரு கணிப்பொறியில் வைக்க வேண்டும். அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று முன்னதாகவே செய்து பார்க்க வேண்டும். மீட்டுப் பாராத காப்புப்படி, நீந்திப் பாராதவன் படித்த நீச்சல் நூல் போன்றது. புதிய பதிப்பின் குறிப்புகளைப் படித்து, இயன்றால் ஒரு சோதனைக் கணிப்பொறியில் முதலில் நிறுவிப் பார்த்துவிட்டு, பிறகு உண்மையான சர்வரில் கைவைக்க வேண்டும். வீடு மாறியும் கரையான் வந்த கதையை இங்கே நினைவுகொள்ளுங்கள். சர்வர் கெட்டுப்போனபின் மீட்கும்போது, காப்புப்படியிலிருந்து நம் தரவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மென்பொருளை அதன் மூல இடத்திலிருந்து புதிதாகவே பெற வேண்டும்.

ஐந்தாவதை மறப்போரே மிகுதி. ஓட்டையை அடைப்பது வேறு. உள்ளே புகுந்தவனை வெளியேற்றுவது வேறு. 1.930ஐ நிறுவியவுடன் கள்ள வாயில் மூடியது. ஆனால் அதற்கு முந்திய நாள் ஒருவன் உள்ளே வந்து தனக்கென ஒரு பயனர் கணக்கை உண்டாக்கியிருந்தால், புதுப்பித்தல் அவனைத் தீண்டாது. ஆகவே ஆபத்தான பதிப்பு இருந்த சர்வரில், பயனர் பட்டியலையும் பதிவேடுகளையும் ஆராய வேண்டும். கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்ற வேண்டும். ஐயம் தீராவிட்டால் முழுவதையும் புதிதாக நிறுவ வேண்டும். வெப்மினை ஆக்கியோரும் பழைய கணிப்பொறிக்கு எட்டிய கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றினர். ஓராண்டு மாற்றங்களை மறுபடியும் சோதித்தனர். இனி கிட்ஹப்பில் உள்ள நிரலிலிருந்து மட்டுமே பொதியைக் கட்டுவது என்று முறையையும் திருத்தினர்.

கடைசியாக ஒன்று. காவலுக்கு முடிவு நாள் இல்லை. ஆனால் மென்பொருளுக்கு உண்டு. 2018இல் அவர்கள் புதிதென்று நிறுவிய சென்ட்ஓஎஸ் 7க்குத் திருத்தங்கள் வெளிவருவது 2024 ஜூன் 30ஆம் நாளோடு நின்றுவிட்டது. மேலே நிர்வாக மென்பொருளை எவ்வளவு புதுப்பித்தாலும், அடித்தளம் முடிந்துபோனதாயின் பயனில்லை. உங்கள் சர்வரில் உள்ள ஒவ்வொன்றும் எந்நாள்வரை பராமரிக்கப்படும் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை ஒரு கல்லூரிக்கோ, மருத்துவமனைக்கோ, ஓர் ஊரின் கூட்டுறவுச் சங்கத்துக்கோ சர்வரை நடத்துவீர்கள். அதில் இருப்பவை உங்கள் கோப்புகள் அல்ல. ஒரு மாணவியின் மதிப்பெண், ஒரு நோயாளியின் குறிப்பு, ஓர் உழவரின் கடன் கணக்கு ஆகியவை உங்களை நம்பி அங்கே இருக்கும். அவர்கள் உங்கள் பெயரையும் அறியமாட்டார்கள். பதிப்பு எண்களையும் அறியமாட்டார்கள். ஈக்விஃபாக்ஸில் விவரம் இழந்த கோடிக்கணக்கானவருள் மிகப் பலர், அந்த இணையதளத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். காவலில் தவறுபவர் ஒருவர். இழப்பவர் மற்றொருவர் என்பதே இத்தொழிலின் கடுமை. திருத்தம் வந்த அன்றே அதைப் படிக்கும் பழக்கத்தையும், படித்தபின் சோதித்துச் செயற்படும் பொறுமையையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.