பிளஸ் ஒன் படிவத்தில் கணக்கு எங்கே இருக்கிறது?

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த பிறகு திருவனந்தபுரத்தின் அக்ஷயா இ-சேவை மையங்களில் கூட்டம் நெரிகிறது. சாலை, கரமனை, வஞ்சியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே காட்சிதான். கணினிக்கு முன்னால் மையத்தின் ஊழியர், பக்கத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அம்மாவோ அப்பாவோ. பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் பள்ளியின் எண்ணையும், அடுத்த கட்டத்தில் பாடப்பிரிவின் எண்ணையும் போட வேண்டும். "கணக்கு வேணுமா, வேண்டாமா மக்கா?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். படிவம் அப்படிக் கேட்பதில்லை. 1 என்று போட்டால் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். 5 என்றால் உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ். 39 என்றால் காமர்ஸுடன் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். அங்கே கணிதம் கிடையாது. பதினைந்து, பதினாறு வயதில் கணிதம் தொடர்கிறதா, நிற்கிறதா என்பதை அந்த ஓர் எண்தான் முடிவு செய்கிறது.

கேரள ஹயர் செகண்டரியில் மொத்தம் 45 பாடச் சேர்க்கைகள் இருக்கின்றன. அறிவியலில் 9, காமர்ஸில் 4, மீதி 32 ஹ்யூமானிட்டீஸில். அறிவியல் என்றாலே கணிதம் உண்டு என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். உயிரியலுடன் ஹோம் சயின்ஸோ உளவியலோ படிக்கும் பிரிவுகளில் அது இல்லை. காமர்ஸ் என்றாலே கணிதம் இல்லை என்று நினைப்பதும் தவறு. பிசினஸ் ஸ்டடீஸ், அக்கவுன்டன்சி, எகனாமிக்ஸுடன் கணிதமும் சேர்ந்த பிரிவு ஒன்று உண்டு. அது எல்லாப் பள்ளியிலும் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு அனுமதித்த சில பிரிவுகளே இருக்கும். பிள்ளைக்கு விருப்பம் இருந்தாலும், அருகிலுள்ள பள்ளியில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

இந்தச் சேர்க்கை முறைக்குக் கேரளத்தில் 'ஏகஜாலகம்' என்று பெயர். ஒரே விண்ணப்பத்தில் மாவட்டத்தின் பல பள்ளிகளைக் கேட்கும் இந்த ஏற்பாடு 2007-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான். அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதற்கும் போனது. அதற்கு முன் தைக்காடு மாடல் பள்ளிக்கு ஒரு படிவம், காட்டன் ஹில்லுக்கு ஒரு படிவம், பட்டம் பகுதியின் பள்ளிக்கு ஒன்று என்று பள்ளி பள்ளியாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் போனது பெரிய நன்மை. ஆனால் தேர்ந்தெடுக்கும் வேலை பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து ஒரு சூத்திரத்தின் கைக்குப் போய்விட்டது. அந்தச் சூத்திரத்தைப் புரிந்துகொள்ளாமல் படிவம் நிரப்பும் குடும்பங்களே அதிகம்.

சூத்திரம் உண்மையில் எளிது. எஸ்.எஸ்.எல்.சி.யில் பத்துத் தாள்கள். ஏ பிளஸுக்கு 9 புள்ளி, ஏ-க்கு 8, பி பிளஸுக்கு 7 என்று இறங்கி, மேல்படிப்புக்குத் தேவையான குறைந்தபட்சமான டி பிளஸுக்கு 3. பத்துத் தாள்களின் புள்ளிகளையும் கூட்டிக்கொண்டு, கேட்கும் பிரிவுக்கு நெருக்கமான பாடங்களின் புள்ளிகளை இன்னொரு முறை கூட்டுகிறார்கள். பயோ மேத்ஸ் என்று பிள்ளைகள் சொல்லும் முதல் பிரிவுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் இப்படி இரண்டு முறை எண்ணப்படும்.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒன்பது தாள்களில் ஏ பிளஸ், ஒன்றில் மட்டும் பி பிளஸ். மொத்தம் இருவருக்கும் 88. ஒருவருக்கு அந்த பி பிளஸ் இந்தியில் வந்தது, மற்றவருக்குக் கணிதத்தில். இந்தியில் குறைந்தவருக்கு நான்கு பாடங்களின் 36 சேர்ந்து 124. அதைப் பதினான்கால் வகுத்தால் 8.86. கணிதத்தில் குறைந்தவருக்கு 34 சேர்ந்து 122; வகுத்தால் 8.71. பெரிய பள்ளிகளில் இடம் ஒதுக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களில்தான் போட்டியே நடக்கிறது. அங்கே இந்த வித்தியாசமே பெரிய இடைவெளி. அதே பள்ளியில் படித்தவர், அதே ஊராட்சியிலோ நகராட்சியிலோ வசிப்பவர் என்றெல்லாம் போனஸ் புள்ளிகளும் இதன்மேல் சேரும். ஆக, "ஃபுல் ஏ பிளஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றுதானே குறைந்தது" என்று ஆறுதல் சொல்வதற்கு முன், எந்தப் பாடத்தில் குறைந்தது என்று பார்ப்பது நல்லது.

ஆப்ஷன் வரிசையும் இதே அளவு முக்கியம். முதலில் ட்ரயல் அலாட்மென்ட் வரும். அது ஒத்திகை; அதைப் பார்த்து வரிசையை மாற்றிக்கொள்ளலாம். பிறகு வரும் அலாட்மென்டில் முதல் ஆப்ஷனே கிடைத்துவிட்டால் அங்கேயே நிரந்தரமாகச் சேர வேண்டும். கீழே உள்ள ஒன்று கிடைத்தால் டெம்பரரியாகச் சேர்ந்து, மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம். சேராமல் விட்டவர் வரிசையிலிருந்தே வெளியேறிவிடுவார். பள்ளியின் பெயருக்காக வேண்டாத பிரிவை முதலில் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெயர் பெற்ற பள்ளியில் பிடிக்காத பிரிவா, சாதாரணப் பள்ளியில் விரும்பிய பிரிவா என்று கேட்டால் பிரிவையே மேலே வைக்க வேண்டும். பள்ளியின் பெயர் இரண்டு ஆண்டுக்குத்தான். கணிதம் படித்ததும் படிக்காததும் அதற்குப் பின்னும் கூட வரும்.

நகரத்தின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கதை இன்னும் முன்கூட்டியே, பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதம் இரண்டு நிலைகளில் நடக்கிறது: ஸ்டாண்டர்ட், பேசிக். பாடத்திட்டம் ஒன்றுதான், வகுப்பும் ஒன்றுதான், 20 மதிப்பெண் உள்மதிப்பீடும் ஒன்றுதான். 80 மதிப்பெண் பொதுத்தேர்வின் கடினம் மட்டும் வேறு. கணிதத்தை மேலே தொடர விரும்பாத பிள்ளையின் தலைமீது இருக்கும் சுமையை இறக்கத்தான் இந்த ஏற்பாடு. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும், பாடங்களை இரண்டு நிலைகளில் வைக்கலாம், அதைக் கணிதத்தில் தொடங்கலாம் என்றே சொல்கிறது.

நோக்கம் நல்லது. ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. பேசிக் எழுதியவர் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்க முடியாது; எடுக்க வேண்டுமானால் கம்பார்ட்மென்ட் தேர்வு சமயத்தில் ஸ்டாண்டர்ட் தாளை எழுதித் தேற வேண்டும். தொற்றுக்காலத்தில் வாரியம் இதைத் தளர்த்தியது. பின்னர் வந்த ஆண்டுகளிலும், பிள்ளைக்குத் திறமையும் ஆர்வமும் இருப்பதாகப் பள்ளிக்கு நிறைவு ஏற்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தளர்வு நீண்டது. ஆண்டுக்கு ஆண்டு சுற்றறிக்கையில் நிற்கும் சலுகை இது. பேசிக் எழுதிவிட்டுக் கேரள மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாற நினைப்பவர், அந்த ஆண்டின் பிராஸ்பெக்டஸில் கணிதப் பிரிவுகளுக்கு என்ன விதி சொல்லியிருக்கிறது என்று ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். சுமையைக் குறைக்க வந்த ஓர் ஏற்பாடு, பதினான்கு வயதில் எடுத்த முடிவுக்காகப் பிள்ளையைத் தடுத்து நிறுத்தக்கூடாது. திரும்பி வர ஒரு வழி நிரந்தரமாகவே இருக்க வேண்டும். அது ஆண்டுதோறும் கேட்டு வாங்கும் தயவாக இருப்பது சரியில்லை.

பதினொன்றாம் வகுப்பிலும் சி.பி.எஸ்.இ. இரண்டு கணிதங்களைத் தருகிறது. ஒன்று வழக்கமான கணிதம். மற்றது 2020-21 முதல் வந்த அப்ளைட் மேத்ஸ். வட்டி, வரி, தவணை, குறியீட்டெண், காலவரிசைத் தரவு என்று வணிகத்துக்கும் பொருளியலுக்கும் பயன்படும் பாடம் அது. பேசிக் எழுதியவருக்கும் அது திறந்திருக்கிறது. பொறியியலுக்கான கணிதம் அது இல்லை என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. தேர்வில் கணிதமும் அப்ளைட் மேத்ஸும் ஒரே தாளின் கீழ் வருகின்றன.

இனி மேல்படிப்பின் கதவுகள். மருத்துவத்துக்கு நீட் எழுதக் கணிதம் தேவையில்லை. ஸ்ரீகாரியத்துக்குப் பக்கத்தில் உள்ள, 1939-இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களுக்கான மாநில நுழைவுத் தேர்வான கீமுக்குக் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். வலியமலையில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனத்துக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் வழியாகத்தான் போக முடியும். அங்கேயும் கணிதம் இல்லாமல் நடக்காது. தேசியப் பாதுகாப்பு அகாதமியில் தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தாலும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். சார்ட்டர்ட் அக்கவுன்டன்சிக்குக் கணிதம் படித்திருக்க வேண்டிய நிபந்தனை கிடையாது. ஆனாலும் ஃபவுண்டேஷன் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒரு முழுத் தாளாக உட்கார்ந்திருக்கின்றன.

விதுரையில் உள்ள ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இன்னொரு வகை. அங்கே சேர, உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஆகிய நான்கில் ஏதேனும் மூன்றைப் படித்திருந்தால் போதும். கணிதம் இல்லாத உயிரியல் மாணவருக்கும் விண்ணப்பிக்க உரிமை உண்டு. ஆனால் நுழைவுத் தேர்வின் 60 கேள்விகளில் நான்கு பாடங்களுக்கும் தலா 15. கணிதம் படிக்காதவர் கால் பங்கை அப்படியே விட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். தகுதி இருக்கிறது என்பதும் போட்டியிட முடியும் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நகரத்துக்குப் பக்கத்தில் இல்லை.

கணிதத்தின் எடை எவ்வளவு என்பது 2025-இல் கேரளத்தை ஆட்டிவைத்தது. கீம் தரவரிசையில் பாதி நுழைவுத் தேர்வு மதிப்பெண். மறுபாதி பிளஸ் டூவின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண். நுழைவுத் தேர்வில் உள்ள 150 கேள்விகளில் 75 கணிதம், 45 இயற்பியல், 30 வேதியியல். அதே 5:3:2 விகிதத்தைப் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் கொண்டுவந்து, வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன் செய்யும் முறையையும் மாற்றி, ஜூலை 1-ஆம் தேதி பட்டியல் வெளியாகும் தறுவாயில் அரசு விதியைத் திருத்தியது. ஜூலை 9-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுநாள் மேல்முறையீடும் தள்ளுபடியாகி, பழைய முறையில் புதிய பட்டியல் வந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பலர் முதல் பட்டியலில் இருந்த இடத்திலிருந்து கீழே இறங்கினார்கள். வாரியங்களுக்கு இடையே நியாயம் செய்ய வேண்டிய தேவை உண்மையானது. தேர்வு எழுதி முடித்த பிறகு விதியை மாற்றியதுதான் பிள்ளைகளை நோகடித்தது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் தலா 50. அங்கேயும் கணிதம் சரிபாதிதான். ஆனால் பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குள் நுழையும்போதே அந்தக் கணக்கு தெரியும்.

கதவுகளைப் பட்டியல் போட்டபின், உள்ளே என்ன இருக்கிறது என்றும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதத்திலிருந்து பிளஸ் ஒன் கணிதத்துக்கு ஏறும் படி உயரம். கணங்கள், சார்புகள், கலப்பெண்கள், எல்லை, வகையீடு எல்லாம் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். திருவனந்தபுரத்தின் சாலைப் பகுதியில் தமிழ் வழியில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. கணிதத் தாளைத் தமிழிலேயே எழுதிய பிள்ளைக்கு இன்னொரு படியும் உண்டு: முக்கோணவியல் என்று படித்தது ஒரே கோடையில் டிரிகனாமெட்ரி ஆகிவிடும். என்.சி.இ.ஆர்.டி.யின் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துத்தான் வகுப்பு நடக்கும். இந்தப் பிள்ளைகள் முதல் பருவத்தில் திணறுவதைப் பார்த்துக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். அவர்களுக்கு அதுவரை வராதது ஆங்கிலம். முதல் இரண்டு மாதம் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் போடும் ஓர் ஆசிரியர் கிடைத்தால் பாதித் தடை விலகிவிடும்.

பயப்படும் பிள்ளைக்குக் காட்ட வேண்டிய இடம் கணிதச் செய்முறை வகுப்பு. ஜியோஜீப்ரா மென்பொருளில் ஒரு சார்பின் வரைபடத்தைப் போட்டு, ஸ்லைடரை இழுத்து, வளைகோடு மேலும் கீழும் நகர்வதைப் பார்க்கும்போது, புத்தகத்தில் எழுத்தாகக் கிடந்த a, b, c மூன்றும் என்ன செய்கின்றன என்று கண்ணுக்குத் தெரிகிறது. அதை ஒரு மணி நேரம் செய்து பார்த்த பிறகு பிடிக்கவில்லை என்றால், அது நம்பத்தகுந்த பதில்.

வெளிநாடுகளிலும் இந்தக் கேள்வி உண்டு. சிங்கப்பூரில் 2024-இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளே இல்லை. ஒரு பிள்ளை கணிதத்தை மேல் நிலையிலும் ஆங்கிலத்தை அதற்குக் கீழ் நிலையிலும் படிக்கலாம். தேறத் தேற நிலையை மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ, எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா நடத்துவதை 2014-இல் நிறுத்தி எல்லோருக்கும் ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளியது. 2024 மார்ச்சில் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மக்கள் வாக்களித்தார்கள். யாருக்கு எந்தக் கணிதம், எந்த வயதில் என்ற கேள்வி அங்கேயும் தீரவில்லை.

திருவனந்தபுரத்தில் தவறான எண்ணைப் போட்டுவிட்ட பிள்ளைக்கு வழி அடைந்துவிடவில்லை. முக்கிய அலாட்மென்ட்களும் சப்ளிமென்டரியும் முடிந்தபின், காலியிடம் இருந்தால் பள்ளியையோ பிரிவையோ மாற்றிக்கொள்ள டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் வரும். கணிதம் உள்ள பிரிவில் இடம் திறக்குமா என்று அப்போது பார்க்கலாம். அதற்குள் சில வாரப் பாடம் போயிருக்கும் என்பதால், மாறும் எண்ணம் உள்ளவர் கணங்கள், சார்புகள் ஆகிய முதல் இரண்டு பாடங்களையாவது வீட்டில் படித்து வைத்திருப்பது நல்லது. பிளஸ் டூ முடித்த பிறகு மனம் மாறியவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணிதத்தைத் தனிப்பாடமாக எழுதும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தான் சேர விரும்பும் கல்லூரி அதை ஏற்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.