தோடு தாங்கும் சோணை



மூளிக்காது என்னும் சொல்லை நீங்கள் கேட்டிருக்கலாம். துளை கிழிந்து இரண்டாய்ப் பிளந்த காதை அவ்வாறு அழைப்பது நம் நாட்டு வழக்கம். அது பெயர் மட்டுமன்று, வசையுங்கூட. இவ்வொரு சொல்லுக்கு அஞ்சி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அம்மையார் ஒருவர் ஓராண்டுக் காலம் எங்கள் பள்ளியின் பக்கமே வராதிருந்தார். நான் அங்கே அறிவியல் ஆசிரியை. அவருடைய மகள் என் மாணவி. பெற்றோர் கூட்டம் என்றால் முதல் ஆளாய் வந்து அமர்கிறவர் ஏன் வருவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் இரயில் நிலையத்தில் எதிர்ப்பட்டபோது, முந்தானையை வலக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே பேசினார். "காது அறுந்துபோச்சு டீச்சர். மூளிக்காதோட நாலு பேர் நடுவில வந்து எப்படி உட்காருவேன்?" என்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

எவ்வாறு அறுந்தது என்று கேட்டேன். விபத்து ஒன்றும் நேரவில்லை. பல ஆண்டுகளாய்க் கனமான ஜிமிக்கி அணிந்து வந்தார்; புள்ளியாயிருந்த துளை சிறிது சிறிதாய் நீண்டு கீற்றாயிற்று; ஒரு நாள் தலை வாரும்போது சீப்பு மாட்டிக்கொள்ள, எஞ்சியிருந்த நூலளவு தோலும் பிரிந்தது. நாற்பத்தாறு வயதிலே பிரிந்த அந்தத் தோல், இருபது வயதிலே அதே ஜிமிக்கியைத் தாங்கியதுதானே? இடையில் என்ன நேர்ந்தது என்பதே இன்று நாம் ஆராய வேண்டியது.

உங்கள் காதைத் தொட்டுப் பாருங்கள். மேற்பகுதி விறைப்பாய் வளைந்து நிற்கும். அதனுள்ளே குருத்தெலும்பு இருக்கிறது. கீழே தோடு அணியும் மெல்லிய தொங்கு சதைக்குச் சோணை என்று பெயர். அதிலே குருத்தெலும்பு இல்லை. தோலும், கொழுப்பும், இரண்டையும் பிணைக்கும் நார்த்திசுவுமே உண்டு. ஆகவே அங்கே தொங்கவிடும் எடை முழுவதையும் தோலும் நாருமே சுமக்கின்றன. அவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். இழுத்தால் மீண்டும் சுருங்கும் தன்மையைத் தருவது எலாஸ்டின். வயது ஏற ஏற இவ்விரண்டும் குறைந்தும் சிதைந்தும் போகின்றன. சோணையின் கொழுப்பும் மெலிகிறது. வெயிலும் புகையிலையும் இச்சிதைவை விரைவுபடுத்தும். முகத்துக்குக் களிம்பு பூசுகிறவர்களுங்கூடக் காதை மறந்துவிடுகிறார்கள்; முடியைக் குட்டையாய் வெட்டிக்கொள்ளும் ஆடவருக்கோ காதுக்கு நிழலே கிடையாது.

நகை அணியாவிட்டாலும் காது நீளத்தான் செய்யும். இங்கிலாந்திலே சில மருத்துவர்கள் 206 பேரின் காதுகளை அளந்து, ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மில்லிமீட்டர் காது நீள்கிறது என்று 1995இல் எழுதினார்கள். ஐம்பது ஆண்டுகளில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்! முதியோர் சோணையில் குறுக்கே விழும் மடிப்பைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அது இதய நோயின் அறிகுறியாகலாம் என்று பிராங்க் என்னும் அமெரிக்க மருத்துவர் 1973இல் எழுதினார். அறிஞர்கள் இன்னும் ஒருமுகமாய் அதை ஏற்கவில்லை. தாத்தாவின் காதைப் பார்த்து நீங்கள் வீட்டைக் கலக்க வேண்டியதில்லை.

இனி எடையைக் கவனிப்போம். வெந்த முட்டையை நூலால் அறுப்பதைச் சமையலறையில் கண்டிருப்பீர்கள். விரலால் அழுத்தினால் நசுங்கும் முட்டை, நூலுக்கு எளிதில் பிளந்து கொடுக்கிறது. விசை ஒன்றேயாயினும், அது தாங்கும் பரப்புக் குறைந்தால் அழுத்தம் மிகும் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். மெல்லிய கம்பிக் கொக்கியில் ஒரு பவுன், அதாவது 8 கிராம், தொங்கினால் அக்கம்பி நூலின் வேலையைச் செய்கிறது, நாள்தோறும் செய்கிறது.

அப்படியானால் பாம்படம் அணிந்த நம் பாட்டிமார் எவ்வாறு தாங்கினார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். என் பாட்டி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். சோணை தோளைத் தொடும். குழந்தைப் பருவத்திலேயே துளையிட்டு, குணுக்கு என்னும் சிறு எடைகளை மாட்டி, பல ஆண்டுகளில் படிப்படியாய் அத்துளையை வளையமாக்கினார்கள். வளரும் தோல் மெல்லிய இழுப்புக்கு இசைந்து புதிதாய் வளரும். முதிர்ந்த தோல் இசையாது, தேயும். பாட்டி நாள்தோறும் குளித்தபின் அவ்வளையத்துக்கு எண்ணெய் தடவுவார். நானே தடவியதும் உண்டு. ஆயினும் அக்காதுகளும் அறுந்ததுண்டு என்பதை மறைப்பதற்கில்லை. வழக்கம் மாறியபோது, பல பெண்கள் தாமே விரும்பிக் காதை அறுத்துத் தைத்துக்கொண்டு தோட்டுக்கு மாறினார்கள்.

அந்நாளைய அணிகளில் எனக்கு மிகவும் மதிப்பூட்டுவது மாட்டல். தோட்டிலிருந்து மேலே சென்று கூந்தலில் செருகப்படும் அச்சங்கிலியை வெறும் அழகு என்று நினைக்கிறோம். ஜிமிக்கியின் எடையில் ஒரு பங்கைச் சோணையிலிருந்து எடுத்துத் தலைமுடியின்மேல் ஏற்றுவது அது. எந்தப் பொற்கொல்லர் முதலில் எண்ணினாரோ, அவர் விசையியல் அறிந்தவர்!

தொழிற்பேட்டைக்கு உரிய இடர் ஒன்றும் உண்டு. சுழலும் இயந்திரங்களின் அருகே தொங்கும் அணிகள் கூடா என்பது ஆலைகளின் பொதுவான காவல் விதி. அது நல்ல விதி. ஆனால் வியர்வையைத் தடுக்க எவ்விதியும் இல்லை. விலை குறைந்த கவரிங் நகைகள் பலவற்றின் அடியில் நிக்கல் கலந்திருக்கும். வியர்வை அந்த நிக்கலைச் சிறிது கரைக்கிறது. சிலர் உடலுக்கு அது ஒவ்வாது. சோணை சிவந்து அரிக்கும், நீர் கசியும், பொருக்குத் தட்டும். புண்பட்ட தோல் எடையைத் தாங்குமா? இவ்வொவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே 1994இல் நிக்கல் நகைகளுக்கு வரம்பு கட்டியது. டைட்டேனியமோ நிக்கல் கலவாத பொன்னோ அணிந்தால் இத்தொல்லை இல்லை. வெள்ளைப் பொன் எனப்படுவதில் சில வகைகளில் நிக்கல் உண்டு என்பதையும் கடைக்காரரிடம் கேட்டறிக.

காக்கும் வழி பெரியதன்று. இரவில் கழற்றிவிடுக, தலையணை இழுக்கும். கனமானவற்றை விழாவுக்குச் சில மணிநேரம் அணிக. திருகாணியை அளவுக்கு மீறி முடுக்கினால் சோணை நசுங்கும். துளை வட்டமாயிருக்கிறதா, கீற்றாகிவிட்டதா என்று அவ்வப்போது கண்ணாடியில் பார்த்தால் போதும். கீற்றாகியிருந்தால் தொங்கும் அணியை அன்றே நிறுத்திவிட வேண்டும். கடுக்கன் அணியும் இளைஞர்களுக்கும் இதுவே.

அறுந்துவிட்டால்? இங்கேதான் அந்த அம்மையார் ஏமாந்தார். 'கத்தியின்றிக் காது ஒட்டப்படும்' என்ற பலகை கண்டு ஓரிடத்துக்குப் போனார். அங்கே ஏதோ அமிலத்தைத் தடவினார்கள், சோணை வெந்தது. தேர்ந்த தோல் மருத்துவர்கள் சிலர் அமிலத்தை அளவறிந்து கையாள்வதுண்டு. அளவறியாதவர் கையில் அது நெருப்பு.

பிளந்த ஓரங்களைச் சேர்த்துக் கட்டினால் ஏன் ஒட்டுவதில்லை? இரு ஓரங்களையும் தோல் மூடி ஆறிவிட்டது. தோலும் தோலும் ஒட்டா. ஆகவே மருத்துவர், மரக்க ஊசியிட்டு, அவ்வோரங்களை மெல்லச் சீவிப் புதுப்புண்ணாக்கித் தைக்கிறார். அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துத் தழும்பை விலக்கி வேறிடத்தில் துளையிடலாம். கெலாய்டு என்னும் தடித்த தழும்பு வளரும் உடல்வாகு உடையவர்கள் முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இவ்வைத்தியம் நமக்குப் புதிதுமன்று. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில், அறுந்த சோணையை ஒட்டும் முறைகளாகப் பதினைந்து கூறப்பட்டுள்ளன.

அம்மையாரை நான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வெந்த புண் ஆறும் வரை காத்திருக்கச் சொல்லி, பின்னர் தைத்தார்கள். அடுத்த பெற்றோர் கூட்டம் தையல் பிரித்த மூன்றாம் வாரத்தில் வந்தது. இன்னும் துளையிடவில்லை, இரு காதும் வெறுமையாகவே இருந்தன. முந்தானையைத் தோளில் விட்டுவிட்டு முதல் வரிசையில் அமர்ந்து, மகளின் கணக்குத் தாளை வாங்கி ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டிக்கொண்டிருந்தார்.