செம்பின் களிம்பும் சிற்பத்தின் ஆயுளும்

மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்த செப்புத்திருமேனி வெளியே எடுக்கப்படும்போது, அதன் மேனியில் இருவகைப் பச்சை காணப்படுவதுண்டு. ஒன்று கரும்பச்சையாகவும் வழவழப்பாகவும் உலோகத்தோடு இறுகப் படிந்த களிம்பு. கீழே உள்ள செம்பைக் காற்றிலிருந்து மறைத்துக் காப்பதால் அருங்காட்சியகத்தார் அதைச் சுரண்டாமல் விட்டுவைக்கின்றனர். மற்றொன்று வெளிர்பச்சைப் புள்ளிகளாகத் தோன்றி, விரல் பட்டதும் மாவாக உதிர்வது. 'வெண்கல நோய்' என்று பாதுகாப்பு வல்லுநர்கள் குறிப்பிடுவது இதையே. 1851-இல் நிறுவப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகம், 1930-களில் எஸ். பரமசிவன் என்னும் வேதியியலாளரைக் கொண்டு எழும்பூர் வளாகத்திலேயே ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்தத் தொடங்கியபோது, அங்கு நடந்த முதன்மையான பணிகளுள் ஒன்று இந்த இரண்டாவது பச்சையோடு போராடுவதாகவே இருந்தது.

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி அரசிடம் வந்துசேர்ந்த திருமேனிகள் அங்கு மிகுதி. படையெடுப்புக் காலங்களில் பாதுகாப்புக்காகப் புதைக்கப்பட்டு, பின்னர் ஏர் உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ வெளிப்பட்டவை அவற்றுள் பல. மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, உலோகத்தை ஒட்டிய அடியடுக்கில் செம்புக் குளோரைடாகத் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரமும் உயிர்வாயுவும் அதை எட்டியதும், அது வெளிர்பச்சைப் பொடியாக மாறுவதோடு சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மீண்டும் குளோரைடாக மாற்றுவதால், வினை தானே தன்னை வளர்த்துக்கொண்டு போகிறது. செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்பதைச் சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்வர்; வேதியியலாரோ இந்த நோயை வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதாகவே காண்கின்றனர், ஆகவே அகற்ற முடியும் என்றும் நம்புகின்றனர். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 45 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் வினை உறங்கிவிடும். ஆனால் ஆண்டின் பெரும்பகுதியும் 60 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கும் சென்னைக் காற்றில், அந்த உறக்கத்தை நிலைநிறுத்துவது எளிதன்று.

தொடக்க காலத்தில் கையாளப்பட்ட முறை மின்னாற்பகுப்பு. எரிசோடா கரைத்த நீர்த்தொட்டியில் திருமேனியை எதிர்மின்வாயாகவும் அதைச் சுற்றி நிறுத்திய இரும்புத் தகடுகளை நேர்மின்வாயாகவும் இணைத்து, குறைந்த அளவு மின்சாரத்தை நாட்கணக்கில் செலுத்தினால், படிவுகள் நெகிழ்ந்து விலகும். குளோரைடும் உலோகத்தை விட்டு நீருக்குள் இறங்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் அந்நீரில் சிறிதளவு எடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டிப் பார்ப்பர். நீர் பால்போல் கலங்கினால் குளோரைடு இன்னும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை கழுவுதல் ஓயாது. இம்முறை பல திருமேனிகளை அழிவிலிருந்து மீட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது நோயுற்ற பச்சையோடு நல்ல பச்சையையும் உரித்தெடுத்தது. உலோகம் முழுவதும் மண்ணாகிப்போன இடங்களில், ஆபரணத்தின் நுண்வேலை அந்தப் படிவில் மட்டுமே எஞ்சியிருக்கையில், படிவு போனால் வேலைப்பாடும் போய்விடும்.

இதனால் இப்போது பாதுகாப்புக்கூடங்கள் பெரும்பாலும் குறைவாகவே கைவைக்கின்றன. உருப்பெருக்கியின் கீழ் ஊசிமுனையாலும் சிறுகத்தியாலும் நோயுற்ற குழியை மட்டும் சுரண்டித் துப்புரவு செய்து, சாராயத்தில் குழைத்த வெள்ளி ஆக்சைடை அதற்குள் அடைக்கின்றனர். அது எஞ்சிய குளோரைடோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகிக் குழியின் வாயை அடைத்துவிடும். அதன் கரும்பழுப்பு நிறம் பழைய வெண்கலத்தோடு ஒத்துப்போவதால் அடைப்பு கண்ணுக்குத் துருத்தித் தெரிவதுமில்லை. பென்சோட்ரயசோல் என்னும் வேதிப்பொருளின் கரைசலில் சிலையை ஊறவைப்பது மற்றொரு வழி. 1960-களிலிருந்து பரவிய இம்முறையில் செம்பின் மேல் மிக மெல்லிய தடுப்புப்படலம் உருவாகிறது. இறுதியில் பூசப்படும் பாராலாய்டு பி-72 என்னும் ஒளிபுகும் பிசின், அசிட்டோனில் எந்நாளும் கரைந்து வந்துவிடும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. இன்று செய்ததை நாளை வேறொருவர் நீக்க முடியவேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி.

இவ்விதி கோயில் மரபோடு உரசும் இடமும் உண்டு. கையோ விரலோ முறிந்து பின்னமான திருமேனி வழிபாட்டுக்குரியதன்று என்பது ஆகமங்களின் பொதுவான நிலைப்பாடாதலால், கோயிலுக்கு அதைச் சீர்செய்வதோ புதிதாக வார்ப்பதோ கடமையாகிறது. சுவாமிமலை ஸ்தபதியர் இன்றும் அதைச் செய்யவல்லவர்கள். அருங்காட்சியகமோ முறிவையும் சிலையின் வரலாற்றில் ஒரு பகுதியாகவே கருதி, இல்லாத கையை இல்லாததாகவே விட்டுவிடுகிறது. இரண்டும் தத்தம் நோக்கில் நேரியவையே.

கற்சிற்பத்தின் பகை வேறு. கல்லுக்குள் ஊடுருவிய உப்பு, ஈரம் உலரும்போது மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே படிகமாகிச் செதுக்கிய முகத்தையே செதில் செதிலாக உதிர்க்கும். அமராவதிச் சுண்ணாம்புக்கல் பலகைகளைப் போன்றவற்றைச் சுவரோடு பதித்துப் பூசிவிட்டால், அந்த உப்புக்கு நாமே வழி திறந்தவர்களாவோம். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த காகிதக் கூழைக் கல்லின்மீது அப்பி உலரவிட்டால், உப்பு கல்லைவிட்டுக் கூழுக்கு இடம்பெயரும்.

இக்காலச் சிற்பம் வரும்போது இந்த அனுபவத்தின் பெரும்பகுதி கைகொடுப்பதில்லை. சென்னைக் கலை இயக்கத்தைச் சேர்ந்த பி. வி. ஜானகிராமும் எஸ். நந்தகோபாலும் உலோகத் தகடுகளைத் தட்டி, பற்றவைத்து உருவாக்கிய சிற்பங்களில் வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடங்களே நோய்க்கு இடம் கொடுப்பவை. அங்கே ஈரம் தங்கினால் ஒரு சிறு மின்கலம் போலாகி, ஓர் உலோகம் மற்றொன்றின் பொருட்டு அரிபடுகிறது. ஆயினும் உலோகமாவது பழகிய பொருள். நௌம் காபோ என்னும் ருஷ்யச் சிற்பி 1920, 30-களில் பயன்படுத்திய செல்லுலோஸ் அசிடேட் போன்ற பிளாஸ்டிக் தகடுகளோ, தாமே சிதைந்து, வினிகர் வாடையடிக்கும் ஆவியை விட்டு, வளைந்து, வெடித்து உதிர்கின்றன. இலண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள அவரது படைப்புகள் சிலவற்றுக்கு நேர்ந்தது இதுவே. மூலம் போனபின் பிரதியை வைக்கலாமா என்ற கேள்வியை முன்னிறுத்தி அந்த நிறுவனம் 2007-இல் ஒரு பயிலரங்கே நடத்தியது. நோயுற்ற வெண்கலத்தை உலர்த்தியோடு காற்றுப்புகாப் பேழையில் அடைக்கவேண்டும். இந்தப் பிளாஸ்டிக்கை அப்படி அடைத்தால், வெளியேற வழியில்லாத அமில ஆவி அதன் அழிவையே விரைவுபடுத்தும். ஆகவே அதைக் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள அறையில், பிற படைப்புகளை விட்டு விலக்கி வைக்கின்றனர். சிதைவு தாமதமாகுமே தவிர நிற்பதில்லை.