உழவர் சந்தை நிலைக்கக் கூரையைவிட ஒழுங்கே முக்கியம்

திருவாலங்காட்டுச் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் கரும்பும் போட்டவருக்கு விற்கும் இடம் தெரியும். நெல்லுக்கு அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையம் உண்டு. கரும்புக்கு இங்கேயே திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு. ஆனால் கிணற்றடியில் பத்து சென்ட், இருபது சென்ட் கத்தரி, வெண்டை, கீரை போடும் சிறு விவசாயிக்கு அப்படி ஒரு நிச்சயம் இல்லை. மண்டியில் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இப்படிப்பட்டவர்கள் கூடிச் சொந்தமாக ஒரு சந்தை நடத்த முடியுமா? முடியும். ஆனால் சில கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டால்தான் அது நிலைக்கும்.

சந்தை வந்த வழி

விளைவித்தவரே நேராக விற்கும் சந்தை புதிய யோசனை அல்ல. பஞ்சாபில் 1987-ஆம் ஆண்டு ‘அப்னி மண்டி’ தொடங்கியது. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் 1999 ஜனவரி 26 அன்று ‘ரைது பஜார்’ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு மாநிலம் எங்கும் பரவியது. திருத்தணியிலும் உழவர் சந்தை உண்டு.

ஆனால் 2001-க்குப் பின் பல சந்தைகள் கவனிப்பாரின்றி நலிந்தன. 2006-க்குப் பிறகே அவற்றுக்கு மீண்டும் உயிர் வந்தது. அரசு போட்ட கூரை இருந்தும், விவசாயிகள் வராத இடங்களில் கடைகள் காலியாகவே கிடந்தன. விவசாயிகள் விடாமல் வந்த இடங்களில் சந்தை நின்றது. சொந்தச் சந்தை தொடங்க நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விலை எப்படி?

உழவர் சந்தையில் அன்றன்றைய விலையைக் காலையிலேயே முடிவுசெய்து பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருப்பது பொதுவான அளவு. மண்டியில் கத்தரி கிலோ 20 ரூபாய், கடையில் 30 ரூபாய் என்றால், சந்தையில் 24 முதல் 25.50 ரூபாய்க்குள் விற்கலாம். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

இதில் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பார்கள். சந்தைக்குப் போவதற்கு முன் கட்டாயம் கணக்குப் பார்க்க வேண்டும். உதாரணமாக, ஒருவர் 20 கிலோ கத்தரியை மண்டியில் போட்டால் 400 ரூபாய். நூற்றுக்குப் பத்து கமிஷன், வண்டிக்கூலி 30, இறக்குகூலி 10 போக 320 ரூபாய் கையில் வரும். அதே சரக்கைச் சந்தையில் 24 ரூபாய்க்கு விற்று, 2 கிலோ மிஞ்சிப் போனதாக வைத்துக்கொண்டால் 432 ரூபாய். வண்டிச் செலவும் டீச் செலவுமாக 50 போக 382 ரூபாய். அதிகப்படி 62 ரூபாய்தான். அரை நாள் உட்கார்ந்ததற்கு அது கூலியாகாது.

நான்கு வீட்டுச் சரக்கு 60 கிலோவை ஒருவரே கொண்டுபோய் விற்றால் கணக்கு மாறுகிறது. மண்டியில் கமிஷன் 120, வண்டி 60, கூலி 20 போக 1,000 ரூபாய். சந்தையில் 6 கிலோ மிஞ்சினாலும் 1,296 ரூபாய். செலவு 96 போக 1,200. அதிகப்படி 200 ரூபாய். மற்ற மூவரும் அன்று தங்கள் வயல் வேலையைப் பார்க்கலாம். ஆகவே முறை வைத்து விற்பதுதான் சிறு விவசாயிக்குக் கட்டும்.

யார் விற்பது?

சந்தையைக் கெடுப்பது, வாங்கி விற்பவர் விவசாயி வேடத்தில் நுழைவதுதான். மண்டியில் எடுத்த சரக்கைக் கொண்டுவந்து குவித்துவிட்டால் விளைவித்தவருக்கு இடம் இருக்காது. உழவர் சந்தையில் நிலத்தைச் சரிபார்த்துப் புகைப்பட அடையாள அட்டை தருவது இதற்காகவே. சொந்தச் சந்தையிலும் உறுப்பினரின் வயலை மாதம் ஒரு முறை இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து, என்ன பயிர், எத்தனை சென்ட், எப்போது பறிப்பு என்று நோட்டில் எழுத வேண்டும். வெண்டை போடாதவர் வெண்டை கொண்டுவந்தால் தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். குத்தகைக்குப் பயிரிடுபவரையும் சேர்த்துக்கொள்ளலாம். வயலில் பயிர் இருப்பதே அத்தாட்சி.

விதைக்கும்போதே சந்தை

பத்துப் பேரும் ஒரே வாரத்தில் கத்தரி நட்டால் விலை தானாக விழும். ஒருவர் கத்தரி, ஒருவர் வெண்டை, ஒருவர் கொத்தவரை, ஒருவர் கொடிக்காய் என்று பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெண்டை விதைத்துச் சுமார் 45 நாளில் பறிப்புக்கு வரும். சிறுகீரை 25 நாளில் வந்துவிடும். கீரையை வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால் விடாமல் வரத்து இருக்கும். வாங்க வருபவர் இரண்டு வாரம் வெறும் கையோடு திரும்பினால் மூன்றாம் வாரம் வரமாட்டார்.

விசேஷ நாட்களையும் கவனிக்க வேண்டும். மார்கழித் திருவாதிரைக்கு வடாரண்யேஸ்வரர் கோயிலிலும், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையிலும் கூட்டம் சேரும். அதற்கு இரண்டு மாதம் முன்பே விதைப்பைத் திட்டமிடலாம்.

எடையும் தரமும்

தராசில் முத்திரை இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை அவசியம். காயை முந்தின நாள் மாலை பறித்து நிழலில் ஈரச் சாக்கு மூடி வைக்கவும். கீரையை விடியற்காலையில் அறுக்கவும். மேலே நல்ல காய், அடியில் சொத்தை என்ற பழக்கம் கூடாது. ஒருவர் செய்தாலும் கெட்ட பெயர் எல்லோருக்கும்தான்.

தொடங்குவது எப்படி?

பத்துப் பேர் சேர்ந்தால் போதும். முதலில் திருத்தணி உழவர் சந்தைக்கு அடையாள அட்டை கேட்டு வேளாண் விற்பனைத் துறை அலுவலரை அணுகலாம். அங்கே கடைக்கு வாடகை இல்லை, தராசும் தருகிறார்கள். ஒரு பருவம் முறை வைத்து விற்றுப் பழகியபின், ஊராட்சியின் அனுமதியோடு உள்ளூரில் வாரம் ஒரு காலை சந்தை கூட்டலாம். பக்கத்து ஊர் வாரச்சந்தை கூடும் நாளைத் தவிர்க்கவும்.

உறுப்பினரிடம் வாரச் சந்தா சிறு தொகையாக வாங்கி, இருவர் கையெழுத்தோடு கணக்கு வைத்து, மாதம் ஒரு முறை எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். விலைப் பலகையை எழுதும் பொறுப்பும் மாறி மாறி வரட்டும். பலகை விலைக்குக் கீழே மறைவாக விற்பவரை முதல் முறை எச்சரித்து, இரண்டாம் முறை நிறுத்திவைக்க வேண்டும். இந்தக் கண்டிப்பு ஓர் ஆண்டு தாங்கினால், அதன்பிறகு கூரைக்கு ஊராட்சியிடமோ துறையிடமோ மனுக் கொடுக்கலாம். நடக்கிற சந்தையைக் காட்டிக் கேட்டால் மனுவுக்கும் வலு இருக்கும்.