கொக்கோடா: சுமந்தவர்களின் பெயர் எங்கே?

பப்புவா நியூ கினியின் ஓவன் ஸ்ரான்லி மலைத்தொடரைக் கடந்து செல்லும் 96 கிலோமீற்றர் காட்டுப் பாதை கொக்கோடா. வருடந்தோறும் ஆயிரக்கணக்கான அவுஸ்திரேலியர்கள் வழிகாட்டிகளுடன் குழுக்களாக வந்து இதை நடந்து முடிக்கிறார்கள். மெல்பேர்னில் வாழும் ஒன்றுவிட்ட அண்ணாவுடன் நானும் அப்படியொரு குழுவில் ஒன்பது நாட்கள் நடந்தேன். யுத்தம் நடந்த ஓர் இடத்தில் யாருடைய நினைவு பேணப்படுகிறது என்று பார்ப்பதே என் நோக்கம்.

1942 ஜூலை 21 அன்று ஜப்பானியப் படைகள் வடகரையில் இறங்கின. தெற்கே போர்ட் மொறஸ்பியைப் பிடிப்பது அவர்களின் திட்டம். செப்ரெம்பரில் அந்நகருக்கு மிக அருகே, இயோரிபைவா முகடு வரை வந்துவிட்டார்கள். ஆனால் உணவு தீர்ந்திருந்தது. பின்வாங்கும்படி கட்டளை வந்தது. நவம்பர் 2 அன்று கொக்கோடா மீண்டும் அவுஸ்திரேலியர் வசமானது. அவர்களில் 600 பேருக்கு மேல் இறந்திருந்தனர். காயப்பட்டவர்களை விட மலேரியாவாலும் வயிற்றோட்டத்தாலும் விழுந்தவர்களே அதிகம்.

ஏன் என்பது நடக்கும்போது விளங்குகிறது. அனேகமாக ஒவ்வொரு பிற்பகலும் மழை. சப்பாத்தும் உடுப்பும் காய்வதேயில்லை. வேர்களைப் பிடித்து இறங்கும் சேற்றுச் சரிவுகளில் எந்த வாகனமும் போகாது. எனவே அரிசியும் தோட்டாவும் மனித முதுகிலேயே போயின. சுமப்பவரும் சாப்பிட வேண்டும். தூரம் கூடக் கூட, அவர் கொண்டுபோகும் மூட்டையில் மற்றவர்களுக்கு மிஞ்சுவது குறையும். இந்தக் கணக்குத்தான் இரு தரப்பையும் வாட்டியது.

சுமந்தவர்கள் உள்ளூர் மக்கள். பலர் விரும்பி வரவில்லை. அவுஸ்திரேலிய நிர்வாகம் கிராமங்களிலிருந்து கட்டாயமாகச் சேர்த்தது. ஜப்பானியரும் ரபாவுலிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சுமக்க வைத்தனர். திரும்பும் வழியில் காயக்காரரைக் காவியவர்களும் இவர்களே. உயிருடன் எஞ்சியிருந்தவர்களுக்கு அவுஸ்திரேலிய அரசு நினைவுப் பதக்கம் வழங்கத் தொடங்கியது 2009 இல், 67 ஆண்டுகள் கழித்து.

தலைநகருக்கு அருகே பொமானா மயானத்தில் சுமார் 3,800 கல்லறைகள் வரிசையாக உள்ளன. அடையாளம் தெரியாதவர்களுக்கும் கல் உண்டு. ஜப்பானியரில் பலர் காட்டிலேயே கிடந்தார்கள். உயிர்தப்பிய சிப்பாய் கொக்கிச்சி நிஷிமுரா 1979 இல் திரும்பி வந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோழர்களின் எலும்புகளைத் தேடினார். ஒரு பெயரும் ஒரு கல்லும் குடும்பத்துக்கு என்ன என்பதை இத்தள வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சுமந்து இறந்த கிராமத்தவர்களுக்கோ அப்படியான கல்வரிசை இல்லை.

கடைசி நாள் கோல்டி ஆற்றைக் கடந்து, செங்குத்தாக ஏறி, ஓவர்ஸ் கோணரின் வளைவை அடைந்தோம். குழுவினர் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒருவர் தன் தாத்தாவின் படத்தைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் பொதிகளைச் சுமந்த இளைஞர்கள் ஓரமாக நின்று கைதட்டினார்கள். அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். அவருடைய பூட்டனும் 1942 இல் இதே வழியில் சுமந்தவராம். பெயர் தெரியும் என்றார். எங்கே புதைத்தார்கள் என்பது தெரியாது.

அந்தப் பெயர் இன்று அவர் வாயில் மட்டுமே இருக்கிறது. இப்படியான பெயர்களைக் கிராமம் கிராமமாகக் கேட்டு எழுதிவைக்க, சொல்லக்கூடியவர்கள் இருக்கும் காலமே அவகாசம். கொக்கோடாவுக்கு மட்டுமல்ல, எந்த யுத்தத்துக்கும்.