ஸ்பேனருக்கு முன்னால் ஆர்.சி. புத்தகம்

சேரப்பணஞ்சேரி, படப்பை, ஒரகடம் வட்டாரத்தில் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கார் கம்பெனியில் வெல்டிங் லைனில் நிற்பவரும், பெயின்ட் ஷாப்பில் ஷிப்ட் பார்ப்பவரும் லீவு நாளில் வீட்டுத் தகரக் கொட்டகையில் ஒரு பழைய காரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் பழைய மஸ்டாங்குக்கு உயிரை விடுகிறவர்களைப் போல நம் ஊரில் கான்டெஸாவுக்கு உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை செய்த வண்டி அது. வேறு சிலர் வண்டலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ தாத்தா விட்டுப்போன அம்பாசடரையோ எழுப்பப் பார்க்கிறார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. டிங்கரிங் சுத்தம், பெயின்ட் கண்ணாடி மாதிரி. ஆனால் லட்சக்கணக்கில் செலவழித்து முடித்த பிறகு, ரோட்டில் ஓட்டத் தகுதியில்லாத வண்டியாக அது கொட்டகையிலேயே நிற்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காரணம் என்ஜின் அல்ல, காகிதம்.

முதல் தவறு, பழைய கார் என்றாலே 'வின்டேஜ்' என்று நினைத்துக்கொள்வது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய சொந்த உபயோக வண்டிதான் வின்டேஜ். அதுவும் சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்க வேண்டும். எந்தக் கான்டெஸாவுக்கும் இன்னும் அந்த வயது வரவில்லை. 1968 ஹெரால்டுக்கு வந்துவிட்டது. வின்டேஜ் பதிவுக்குப் படிவம் 20-ல் மத்திய அரசின் பரிவாகன் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. இன்ஷூரன்ஸும் பழைய ஆர்.சி.யும் வேண்டும், இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரியும் வேண்டும். மாநிலக் குழு பார்த்து ஒப்புக்கொண்டால் 'வி.ஏ.' எழுத்துள்ள எண் கிடைக்கும், பத்து ஆண்டுக்குச் செல்லும். அந்த எண்ணோடு தினமும் கம்பெனிக்குப் போய்வர முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். இது தெரியாமல் வின்டேஜுக்கு ஆசைப்படாதீர்கள்.

மற்ற வண்டிகளுக்கு வழக்கமான பாதைதான். 15 ஆண்டு முடிந்ததும் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிப்பது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தி அறிவித்தது. பசுமை வரி தனி. பணம் கட்டும் முன் அன்றைய தொகையைப் பரிவாகனில் பார்த்துக்கொள்ளுங்கள். "15 வருஷம் ஆச்சுன்னா இரும்புக் கடைதான்" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். வயதை மட்டும் வைத்து வண்டியை நிறுத்தும் தடை தில்லி வட்டாரத்தில் வந்தது. தமிழ்நாட்டில் தகுதியுள்ள வண்டி புதுப்பிக்கப்படும்.

இனி முக்கியமான விஷயம். முன்பணம் கொடுக்கும் முன்பே சேசிஸ் எண்ணைப் பாருங்கள். பொறித்திருக்கும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எண் தாளில் எழும்பும். ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து பொருந்தவில்லை என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வண்டியின் புத்தகத்தை இன்னொரு வண்டியின் கூட்டோடு சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். திருட்டு வண்டி வாங்கிய வழக்கு உங்கள் தலையில் விழும். பொருந்தினால், டிங்கரிங்குக்குப் போகுமுன் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு பெயின்டில் கட்டம் போட்டு, மேலே தடித்த டேப் ஒட்டுங்கள். டிங்கரிடம் வாயால் சொன்னால் போதாது. கிரைண்டர் ஒரு முறை அதன் மேல் ஓடினால் வண்டிக்கு அடையாளமே போய்விடும். துரு தின்று எண் மங்கியிருந்தால் படம் எடுத்து ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுங்கள். அனுமதியில்லாமல் நீங்களாகப் பொறிக்கவே பொறிக்காதீர்கள். பட்டி பூசி மறைக்கவும் கூடாது.

ஆர்.சி. தொலைந்திருந்தால்? மெட்ராஸ் மாநிலக் காலத்து எம்.எஸ்., எம்.டி. எண்கள் பல கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. கவுன்ட்டரில் கேட்டால் "சிஸ்டத்துல இல்ல சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்று தலையைத் தூக்காமல் சொல்லிவிடுகிறார்கள். இது பதிலே அல்ல. பேரேட்டை அலுவலகம் ஏற்றாமல் விட்டதற்கு உரிமையாளர் ஏன் அலைய வேண்டும்? வண்டி முதலில் பதிவான அலுவலகத்தில் 'பி ரெஜிஸ்டர்' என்ற பேரேடு இருக்கும். அதன் சான்றிட்ட நகலை எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்புங்கள். வண்டி எண், சேசிஸ் எண், பதிவான ஆண்டு மூன்றும் மனுவில் இருக்கட்டும். பதிவிலுள்ள உரிமையாளரோ வாரிசோ கையெழுத்திட்டால் மூன்றாம் நபர் என்று தட்டிக்கழிக்க இடமில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

நகல் கையில் வந்ததும் பழைய பதிவைக் கணினியில் 'பேக்லாக்' ஆக ஏற்றச் சொல்லுங்கள். பிறகு போலீஸ் தளத்தில் ஆவணம் தொலைந்த அறிக்கை எடுத்து, படிவம் 26-ல் மாற்று ஆர்.சி. கேளுங்கள். வாங்கிய வண்டிக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டிக்கு 28, அதாவது என்.ஓ.சி. உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31. அதோடு இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும். தாத்தா பெயரில் பத்து வருடம் அப்படியே கிடக்கும் வண்டிகளில் சிக்கல் இங்கேதான்: ஒரு அத்தை கையெழுத்துப் போட மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும். கையெழுத்துகளை வாங்கிவிட்டுப் போல்ட்டைக் கழற்றுங்கள்.

உங்கள் முகவரிக்கு எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ், ஸ்ரீபெரும்புதூரா, குன்றத்தூரா என்று டீக்கடையில் கேட்காதீர்கள். பின்கோடு போட்டால் பரிவாகன் தளமே காட்டும்.

என்ஜின் மாற்றம் பற்றி. கான்டெஸாவுக்குள் வேறு கம்பெனி என்ஜினைத் திணிப்பது இப்போது ஒரு பெருமையாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதை அனுமதிக்கவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் அசல் விவரத்தை மாற்றக் கூடாது என்று உறுதிசெய்துவிட்டது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒரகடத்திலேயே ஜி.ஏ.ஆர்.சி. சோதனை மையம் இருக்கிறதே, அங்கே சான்று வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது கம்பெனிகளின் மாடல்களைச் சோதிக்கும் இடம்.

கொட்டகையிலும் ஆபத்து உண்டு. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 1980-களின் ரப்பர் ஹோஸ் அதில் ஊறி, பிசுபிசுத்து, வெடித்துவிடும். சூடான என்ஜின் மேல் சொட்டினால் தீதான். பம்ப்பிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், அதுவும் முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே. காலி டேங்க் என்று வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கிறது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். ஆன்லைனில் பழைய வண்டியை ஏற்கவில்லை என்றால் பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளைக்கு நேரில் போங்கள். மூன்றாம் நபர் பாலிசி கொடுக்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் போடுங்கள். 155255 எண்ணிலும் சொல்லலாம். பாலிசியில் சேசிஸ் எண் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று அந்தப் பென்சில் தாளோடு ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கட்டுங்கள்.