டார்ச் அடிக்காதீங்க, அம்மா வர்ற நேரம்!

இரவு பதினொன்றரை மணி. நீலாங்கரைக் கடற்கரை. கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு முப்பது, நாற்பது பேர் நிற்கிறோம். பாதிப் பேர் பிள்ளைகள். வீட்டில் ஒன்பது மணிக்கே கொட்டாவி விடும் என் மகள், இங்கே வெல்லம் கண்ட எறும்பு மாதிரி பரபரக்கிறாள்.

“டார்ச் கூடாது. போன் கூடாது. ஆமையைப் பார்த்தா கத்தக் கூடாது” என்றார் எங்களை அழைத்துப்போகும் கல்லூரி மாணவி. முதல் இரண்டுக்கு மகளுக்காக நான் உறுதி சொன்னேன். மூன்றாவதுக்கு எனக்காகவே என்னால் உறுதி சொல்ல முடியவில்லை!

சென்னையின் ஆமை நடைக்குப் பெரிய வரலாறு உண்டு. 1970களில் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் தொடங்கிவைத்தது. 1988 முதல் மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து நடக்கிறார்கள். சீசனில் வெள்ளி, சனி இரவுகளில் நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். வலது பக்கம் கடல், இடது பக்கம் தூங்கும் ஊர், காலடியில் நண்டு. (நண்டு கடிக்கவில்லை. ஆனாலும் கத்தினேன்.)

தேடிப்போவது பங்குனி ஆமையை. பெயரில்தான் பங்குனி, தை மாதமே கரையேற ஆரம்பித்துவிடும். ஏறிய தடத்தை மணலில் பார்த்தால் சின்ன டிராக்டர் ஒன்று கடலிலிருந்து எழுந்துவந்து திரும்பிப்போன மாதிரி இருக்கிறது.

பாலவாக்கம் தாண்டி அப்படி ஒரு தடம். எல்லோரும் ஓட, மாணவி கையைத் தூக்கி நிறுத்தினார். “அம்மா இன்னும் இருக்காளா, போயிட்டாளான்னு முதல்ல பார்க்கணும்.” போயிருந்தாள். அம்மாவைத் தவறவிட்ட ஏமாற்றத்தில் பெருமூச்சு விட்டோம்.

ஆனால் இனிமேல்தான் அரங்கேற்றம். அவர் ஒரு மெல்லிய குச்சியை எடுத்து, கலைந்த மணலில் மெதுவாக அழுத்தினார். இறுகிய மணல். இரண்டடி தள்ளி மறுபடி. இறுகிய மணல். ஆறாவதோ ஏழாவதோ தடவை குச்சி பொசுக்கென்று இறங்கியது. குப்புறப் படுத்துக் கையாலேயே தோண்டினார். முழங்கை மறைந்தது, தோள் வரை மறைந்தது. அப்புறம் வெளியே வந்த உள்ளங்கையில் ஈரமாய், வெள்ளையாய் ஒரு பிங்பாங் பந்து!

பிள்ளைகள்தான் கணக்குப்பிள்ளைகள். ஒன்று, இரண்டு, மூன்று... எழுபதைத் தாண்டும்போது ஒரு வாண்டு குழம்பிப்போய் அறுபத்தெட்டு என்றான். பக்கத்திலிருந்த தாத்தா திருத்தினார். முடிவில் 112. முட்டைகள் துணிப்பைக்குள் பூப்போல இறங்கின. புரட்டக் கூடாதாம், குலுக்கக் கூடாதாம், கரு சாகும். நாயும் நண்டும் மனிதரும் நடமாடும் இந்தக் கரையில் விட்டுவைத்தால் பிழைப்பது கஷ்டம் என்பதால்தான் பொரிப்பகத்துக்கு இந்த இடமாற்றம்.

நடுவில் ஓர் இடத்தில் யாரும் பேசவில்லை. அலையோரம் பெரிய ஆமை ஒன்று செத்துக் கிடந்தது. மீன் மாதிரி இல்லை, ஆமை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் இப்படி ஒதுங்கின. மகள் அதன் ஓட்டைத் தொடலாமா என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விடியப்போகும் நேரத்தில் பெசன்ட் நகர் பொரிப்பகம். பெயரைக் கேட்டு ஏதோ ஆய்வுக்கூடம் என்று நினைத்திருந்தேன். வேலியடைத்த மணல் திட்டு, அவ்வளவுதான்! வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் தேதியும் முட்டைக் கணக்கும் எழுதிய அட்டை. அம்மா தோண்டிய அதே ஆழம், ஏறக்குறைய ஒன்றரை அடி, அதே குடுவை வடிவம். கழுத்து குறுகி அடி அகலமான அந்தக் குழியை மாணவி கையாலேயே செதுக்கியதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் குயவர் ஞாபகம் வந்தது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும், சூடு கூடினால் பெண் என்று அவர் சொன்னதும், “அப்ப சென்னையில எல்லாம் பொண்ணுங்கதானா?” என்றாள் மகள். எல்லோரும் சிரித்தோம்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மாலை மறுபடி போனோம். குழியை மூடியிருந்த கூடையைத் தூக்கினால் கீழே மணலே கொதிக்கிற மாதிரி குஞ்சுகள்! அவற்றைக் கடலோரம் கொண்டுபோய் விட்டார்கள்; கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். “நகராதீங்க, காலடியில இருக்கலாம்.” யாரும் மூச்சுகூட விடவில்லை. ஆனால் குஞ்சுகளில் சில, ஊர்ப் பக்கம் திரும்பின. வெளிச்சம் எங்கேயோ அங்கேதான் கடல் என்று அவற்றுக்குப் பிறவியிலேயே தெரியும். நம் தெருவிளக்குகளைப் பற்றி அவற்றுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அப்போது ஒரு தன்னார்வலர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, டார்ச்சை அடித்தார்.

“அண்ணா! டார்ச் கூடாது!” என்று என் மகள் உரக்கக் கத்தினாள். குஞ்சுகள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. வெளிச்சத்தைப் பார்த்து, தள்ளாடித் தள்ளாடி, அலைக்குள் போய்விட்டன.